வழுவும் வழுவமைதியும்: கேரள எல்லைப்புறத் தமிழ் வகுப்பறைகளில் வருணனை எழுத்தை மதிப்பிடுவதன் அறம்

முன்னுரை

மாணவர் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்து அதன் ஓரத்தில் ஓர் எண்ணை இடுவது ஆசிரியப் பணியில் நாள்தோறும் நிகழும் செயலாகும். கணக்குப் பாடத்தில் இச்செயல் பெரும்பாலும் ஐயத்திற்கு இடந்தருவதில்லை. விடை சரியா, தவறா என்பதை இருவர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே முடிவிற்கு வருவர். வருணனை எழுத்து அத்தகையதன்று. தான் கண்ட ஓர் இடத்தையோ ஆளையோ நிகழ்ச்சியையோ மாணவர் தம் சொற்களால் மற்றொருவர் கண்முன் நிறுத்த முயலும் எழுத்து அது. அதனை மதிப்பிடும்போது ஆசிரியர் மொழியை மட்டும் மதிப்பிடவில்லை. ஒரு குழந்தையின் பார்வையையும், அப்பார்வை பிறந்த வீட்டையும் ஊரையும் சேர்த்தே மதிப்பிடுகின்றார். எனவே வருணனை எழுத்தின் மதிப்பீடு கற்பித்தல் உத்தி பற்றிய வினா என்பதோடு நில்லாது அறம் பற்றிய வினாவாகவும் ஆகின்றது.

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. அங்குள்ள மாணவர் வீட்டில் ஒரு தமிழையும், பாடநூலில் மற்றொரு தமிழையும், கடைத்தெருவிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் மலையாளத்தையும் எதிர்கொள்கின்றனர். இம்மூன்றும் அவர்தம் எழுத்தில் கலந்து வரும்பொழுது எதனைப் பிழை என்பது, எதனை ஏற்பது, ஏற்பதாயின் எக்காரணத்தால் ஏற்பது ஆகிய வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது. அவ்விடைக்கான கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

எல்லைப் பகுதியின் மொழிச்சூழல்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. இவற்றுள் முதலிரண்டும் பழைய திருவிதாங்கூருக்கும், சித்தூர் பழைய கொச்சிக்கும் உரியவை. பின்னர் 1957இல் பாலக்காடு மாவட்டமும் 1972இல் இடுக்கி மாவட்டமும் உருவாயின. அதே 1956ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தின் வழியே 350ஏ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்க நிலையில் தாய்மொழியிற் பயில்வதற்கு மாநிலங்கள் போதிய வசதி செய்ய முயலவேண்டும் என்பது அதன் கருத்து. எல்லைக் கோடு பிரித்த குழந்தைகளுக்கு, அக்கோடு வரையப்பட்ட ஆண்டிலேயே அரசியலமைப்பு ஓர் உறுதியை வழங்கியது எனலாம்.

இவ்விரு மாவட்டத் தமிழும் ஒரு தன்மையதன்று. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் முதலிய பாலக்காட்டுக் கிழக்குப் பகுதிகளில் கொங்கு வழக்கு ஓங்கி நிற்கின்றது. மாலைநேரத்தைப் ‘பொழுதோட’ என்றும், தோட்டத்து வீட்டைச் ‘சாளை’ என்றும் கூறும் குழந்தைகளை அங்குக் காணலாம். மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு முதலிய மலைப்பகுதிகளில் திருநெல்வேலி, மதுரை, தேனி வட்டாரங்களிலிருந்து தேயிலைக்கும் ஏலத்திற்கும் வேலைக்கு வந்தோரின் வழித்தோன்றல்களது தமிழ் வழங்குகின்றது. லயம், கொழுந்து, கவாத்து, மஸ்டர் முதலியன அங்கு அன்றாடச் சொற்கள். பாடநூலின் எழுத்துத்தமிழ் இவ்விரு வழக்கிலிருந்தும் விலகி நிற்பது. மலையாளமோ இவ்விரண்டிலும் ஊடாடி நிற்பது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடமாயிற்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வருணனையும் உண்மையும்

வருணனை என்பதனை அணிகளின் தொகுதியாகக் கருதும் போக்கு வகுப்பறையில் உண்டு. உவமையும் அடைமொழியும் மிகுந்தால் வருணனை சிறக்கும் என்று மாணவர் நம்புகின்றனர். ஆனால் தண்டியலங்காரம் கூறும் முப்பத்தைந்து பொருளணிகளுள் முதலாவதாக வைக்கப்பட்டது தன்மையணி ஆகும். எவ்வகைப்பட்ட பொருளையும் அதன் இயல்பு தோன்றக் கூறுவதே அது. உவமையும் உருவகமும் அதற்குப் பின்னரே வருகின்றன. உள்ளதை உள்ளவாறு சொல்லுதலும் ஓர் அணியே என்பதும், அதுவே முதலில் வைத்து எண்ணப்பட்டது என்பதும் வருணனையை மதிப்பிடுவோர் மனங்கொள்ள வேண்டிய செய்திகளாகும்.

இந்த அளவுகோலைக் கொண்டு இரண்டு விடைகளை எண்ணிப் பார்க்கலாம். ‘நான் கண்ட காலைக் காட்சி’ என்பது தலைப்பு எனக் கொள்வோம். தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்த கடற்கரைக் காட்சியை எழுதுகின்றான். செங்கதிரோன் அலைகளின்மீது பொற்கதிர் பரப்புகின்றான், மீனவர் படகேறுகின்றனர், வலைகள் உலர்கின்றன. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அவன் கடலை ஒருநாளும் கண்டவனல்லன்.

அதே வகுப்பு மாணவி ஒருத்தி பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்: “விடிகாலம் அம்மா தலையில் சாக்கு போட்டுக் கொழுந்துக்குப் போகும். அட்டை ஏறாமல் இருக்க காலில் உப்பு தேய்க்கும். லயத்துக்கு முன்னால் ஒரு வலிய மரம் உண்டு. அதில் இருந்து வெள்ளம் சொட்டும். பனியில் மலை தெரியாது. கூடைகள் மட்டும் ஏறிப் போவது தெரியும். எனக்குப் பாட்டி ஓர்மை வரும். பாட்டியும் இப்படித்தான் போகும்.”

இவ்விரண்டில் எதற்கு மிகுந்த மதிப்பெண் கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. முதலாவது விடை பிழையற்றது. தலைப்பிற்குப் பொருந்துவது போன்ற தோற்றமுடையது. திருத்துவோர்க்குத் தடை தராதது. இரண்டாவதன் ஓரங்களிற் சிவப்பு மை படியும். ஆயினும் வருணனை என்ற சொல்லிற்குப் பொருள் உண்டாயின் இரண்டாவதே வருணனை. பனி மூடிய மலையில் ஆட்கள் மறைந்து கூடைகள் மட்டும் நகரும் காட்சி கண்டவரால் மட்டுமே சொல்லத்தக்கது. முதலாவதற்கு முழுமதிப்பெண் அளித்து இரண்டாவதைக் குறைக்கும் ஆசிரியர் தம்மை அறியாமலே மாணவர்க்கு ஒரு பாடம் கற்பிக்கின்றார்: காணாததைக் கண்டதாகச் சொல்லுதல் பாதுகாப்பானது, கண்டதைச் சொல்லுதல் இழப்பைத் தரும். இது மொழிப்பாடமன்று, ஒழுக்கப்பாடம். அதுவும் தலைகீழான ஒழுக்கப்பாடம் எனலாம்.

வழு, வழாநிலை, வழுவமைதி

இரண்டாவது விடையில் உள்ள ‘பிழைகள்’ யாவும் ஒரு தன்மையன அல்ல. இங்குதான் இலக்கண மரபு நமக்குத் துணைபுரிகின்றது. வகுப்பறைத் திருத்தத்தில் இரண்டே நிலைகள் உள்ளன: சரி, தவறு. தமிழ் இலக்கணத்திலோ வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகள் உள்ளன. இலக்கண நெறிப்படி அமைவது வழாநிலை. நெறி பிறழ்வது வழு. பிறழ்ந்ததேயெனினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வழுக்காத்தல் என்பது வழுவை விலக்குதல், வழுவை அமைத்துக்கொள்ளுதல் ஆகிய இருவழிப்பட்டது என்பது தொல்காப்பிய உரையாசிரியர் கொள்கை. மொழியைக் காத்தல் என்பதற்குள் ஏற்றுக்கொள்ளுதலையும் அடக்கிய இக்கொள்கை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

முதலில் ‘அம்மா போகும்’ என்பதனை நோக்குவோம். உயர்திணை எழுவாய் அஃறிணை முற்றுக் கொண்டமையால் இது திணைவழு என ஆசிரியர் அடிக்கோடிடுவார். நன்னூலாரோ மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை இயல்பென அமைத்துக்கொள்கின்றார். பசுவை அன்பு மிகுதியால் அம்மை என உயர்திணையாற் கூறுதல் திணைவழுவமைதிக்கு வகுப்பறையில் நெடுங்காலமாகக் காட்டப்படும் சான்று. தென்மாவட்டப் பேச்சில் தாயையும் தமக்கையையும் அஃறிணை முற்றாற் குறிப்பது நெருக்கம் தோன்றும் வழக்கு. அதில் இழிவு இல்லை. பசுவைத் தாயாக்கிய அன்பை அமைத்துக்கொண்ட இலக்கணத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், தாயைத் தன் வீட்டு வழக்கால் அழைத்த மாணவியைக் காரணம் வினவாது வழுப்பட எழுதினாள் என ஒதுக்குவது அவ்விலக்கணத்தின் உள்ளத்திற்கே மாறானதாகும்.

அடுத்து ‘ஓர்மை’. நினைவு என்னும் பொருளில் இச்சொல்லைக் கண்டவுடன் மலையாளம் என அடித்துவிடுதல் எளிது. ஆனால் ஓர்தல் என்பது எண்ணுதல், ஆராய்தல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினை. கன்னியாகுமரி மாவட்டத் தமிழ்ப் பேச்சிலும் ஓர்மை என்னும் சொல் நினைவு என்ற பொருளில் வழங்குகின்றது. செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்திய தொல்காப்பியர், செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளின் சொற்களுக்கும் இடமளித்துள்ளார். உரையாசிரியர் எண்ணிய அப்பகுதிகளுள் குட்டநாடும் குடநாடும் வேணாடும் அடங்கும். இன்றைய கேரளப் பரப்பின் சொற்களுக்குச் செய்யுளிலேயே இடமிருந்தது என்றால், அதே பரப்பில் வாழும் மாணவியின் கட்டுரையில் அவற்றிற்கு இடமில்லை எனல் பொருந்துமா?

எனினும் இவ்வாதத்தை எல்லையின்றி நீட்டுதல் கூடாது. ‘வெள்ளம் சொட்டும்’ என்பதனையும் ‘வலிய மரம்’ என்பதனையும் நோக்குக. மலையாளத்தில் வெள்ளம் என்பது நீர். தமிழில் அது பெருக்கு. மலையாளத்தில் வலிய என்பது பெரிய. தமிழில் அது வலிமையுடைய. இம்மாணவியின் எழுத்தை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் தமிழர் ஒருவர் மரத்திலிருந்து பெருக்கெடுத்ததோ என மயங்குவார். மரத்தின் பருமையைக் காணாமல் உறுதியை மட்டும் காண்பார். எழுதியவள் கண்ட காட்சி படிப்பவரைச் சென்றடையவில்லை. அவளுடைய நோக்கத்தையே இச்சொற்கள் தோற்கடிக்கின்றமையால் இவை வழுவே, களையப்பட வேண்டியவையே. மலையாளம் என்பதனாலன்று, மயக்கம் தருவதனால் இவை வழுவாகின்றன. இவ்வேறுபாட்டை மாணவிக்கு விளக்குதல் அவளை இழிவுபடுத்துவதாகாது. இரண்டு மொழிகளையும் அவள் தெளிவாகப் பிரித்தறிய உதவுவதாகும். ஒரு மொழி மட்டும் அறிந்த மாணவர்க்கு வாய்க்காத வாய்ப்பு இது.

ஆக, ஒரே பத்தியில் வழுவமைதியும் உண்டு, வழுவும் உண்டு. இரண்டிற்கும் ஒரே சிவப்புக் கோட்டை இடும் ஆசிரியரும் பிழை செய்கின்றார். இரண்டையும் ‘வட்டார வழக்கு’ எனப் பொறுத்து விட்டுவிடும் ஆசிரியரும் பிழை செய்கின்றார்.

இரக்க மதிப்பெண்ணும் வாய்மையும்

கடுமையின் தீங்கைக் காட்டினோம். இனி அதன் மறுமுனையை நோக்க வேண்டும். கேரளத்தில் 2005ஆம் ஆண்டு முதல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தரநிலை முறை நடைமுறைக்கு வந்தது. ஏ பிளஸ் முதல் இ வரை ஒன்பது தரங்கள் அமைந்தன. எழுத்துத் தேர்வுக்கு ஐந்தில் நான்கு பங்கும், ஆசிரியர் வகுப்பறையில் வழங்கும் தொடர் மதிப்பீட்டிற்கு ஐந்தில் ஒரு பங்கும் உரியனவாயின. மாணவரை ஒருநாள் தேர்வால் மட்டும் அளவாமல் ஆண்டு முழுதும் கூர்ந்து நோக்கவேண்டும் என்பது தொடர் மதிப்பீட்டின் உயரிய நோக்கம். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் அந்நோக்கத்தை வழிமொழிந்தது.

நடைமுறையில் இந்த ஐந்தில் ஒரு பங்கு, நோக்கிய பின் அளிக்கப்படும் மதிப்பாக இல்லாமல் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கப்படும் கொடையாக மாறிற்று என்ற குறை நீண்டகாலமாக உள்ளது. 2024ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 விழுக்காடு. அவ்வாண்டிலேயே, பாடந்தோறும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 விழுக்காடு பெறவேண்டும் என்ற விதியை 2024-25இல் எட்டாம் வகுப்பிலும், 2025-26இல் ஒன்பதாம் வகுப்பிலும், 2026-27இல் பத்தாம் வகுப்பிலும் படிப்படியே நடைமுறைப்படுத்த மாநில அரசு முடிவெடுத்தது. வகுப்பறை மதிப்பெண் மீதான நம்பிக்கை குறைந்தமையின் அடையாளமாகவும் இம்முடிவைக் கொள்ளலாம்.

எல்லைப்புறத் தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு மெய்யான இக்கட்டு உண்டு. லயத்து ஒற்றை அறையில் படித்து வளரும் குழந்தைக்கு, பெற்றோர் இருவரும் விடியுமுன் வேலைக்குச் செல்லும் வீட்டுக் குழந்தைக்கு, இரண்டு மதிப்பெண் கூட்டியிடுவதில் என்ன குற்றம் என்று அவர் மனம் வினவும். அவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற கருத்தைத் திருவள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் கூறியுள்ளார். இரக்க மதிப்பெண் அத்தகைய பொய்யாகுமா?

ஆகாது என்பதே இக்கட்டுரையின் விடை. வள்ளுவர் அப்பொய்க்கு இட்ட நிபந்தனை கடுமையானது. அது தரும் நன்மையில் குற்றம் கலத்தலாகாது. இரக்க மதிப்பெண் தரும் நன்மையோ இன்று தொடங்கி நாளை முடிந்துவிடுவது. வெள்ளம், வலிய ஆகிய சொற்களின் மயக்கத்தை எட்டாம் வகுப்பில் ஒருவரும் சுட்டாமல் விட்டால், மேல்நிலை வகுப்பிலோ கல்லூரியிலோ போட்டித் தேர்விலோ அறிமுகமற்ற திருத்துநர் ஒருவர் சுட்டுவார். அவர் விளக்கம் தரமாட்டார். எண்ணைக் குறைத்துவிட்டு நகர்வார். ஆசிரியர் மறைத்த உண்மையை வாழ்க்கை கடுமையான குரலிற் சொல்லும். மேலும், எழுதியதைப் படியாமலேயே இடப்பட்ட முழுமதிப்பெண்ணில், பனியில் ஏறிச் சென்ற கூடைகளை ஒருவர் கண்டு வியந்தார் என்ற செய்தியும் மாணவியைச் சேராது. கொடுமையாகத் திருத்தியவரும் அவளைப் படிக்கவில்லை. தாராளமாக அளித்தவரும் அவளைப் படிக்கவில்லை.

இவ்விக்கட்டு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கல்லூரி எழுத்துப்பயிற்சி ஆசிரியர் மாநாட்டமைப்பு, மாணவர்க்குத் தம் சொந்த வழக்கில் எழுதும் உரிமை உண்டெனத் தீர்மானம் இயற்றியது. 1988இல் கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் அவ்வுணர்வை மதித்தவாறே ஒரு மறுப்பை எழுப்பினார். அதிகாரம் படைத்தோரின் மொழிநெறியை வெளிப்படையாகக் கற்பிக்காமல் விடுவது, அந்நெறியை வீட்டிலேயே பெற்ற குழந்தைகளுக்கு மட்டும் நன்மையாகும் என்பது அவர் வாதம். நம் வகுப்பறைக்கும் இது முற்றும் பொருந்துகின்றது. எழுத்துத்தமிழைக் கற்பிக்காமல் காட்டும் பரிவு, நூல்கள் நிறைந்த வீட்டுக் குழந்தைக்கு இழப்பன்று. லயத்துக் குழந்தைக்கே இழப்பு.

இவ்விடத்தில்தான் வழுவமைதி என்னும் கருத்தின் சிறப்பு புலனாகின்றது. வழுவமைதி மன்னிப்பு அன்று. மன்னிப்பிற்குக் காரணம் வேண்டியதில்லை; வழுவமைதிக்குக் காரணம் வேண்டும். ‘இது பொது நெறியன்று, ஆயினும் இன்ன காரணத்தால் இங்கு நின்றது’ என்று சொல்லக்கூடியவரே வழுவை அமைத்தவராவார். அக்காரணத்தை ஆசிரியர் அறிவதோடு மாணவியும் அறியவேண்டும். ‘அம்மா போகும்’ என்பது வீட்டு வழக்கு, ‘அம்மா போவார்’ என்பது பொது வழக்கு, இக்கட்டுரையில் முதலாவது ஏன் உயிர்ப்புடன் நிற்கின்றது, விண்ணப்பக் கடிதத்தில் ஏன் இரண்டாவதே வேண்டும் என்பவற்றை அறிந்த மாணவி இரண்டிற்கும் உரிமையுடையவள் ஆகின்றாள். இதனால் பரிவும் வாய்மையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது தெளிவாகும்.

நிறைகோலும் எடைக்கல்லும்

நல்லாசிரியர்க்கு நன்னூல் கூறும் உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. திருக்குறளும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாக்குகின்றது. இதனைச் சுட்டி ஒருவர் பின்வருமாறு தடை எழுப்பலாம்: எல்லைப்புற மாணவர்க்கு ஒரு கோல், ஏனையோர்க்கு மற்றொரு கோல் என்பது நடுவுநிலைமையாகுமா? இருவேறு கோல்களால் அளந்த தரத்திற்கு மதிப்பு இருக்குமா?

இத்தடை வலிமையுடையது. இதற்கு விடையாவது: கோல் ஒன்றே இருத்தல் வேண்டும். ஆனால் தட்டில் வைக்கும் எடைக்கற்கள் எவை என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். வருணனையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுத்துப் பிழையை மட்டும் அளப்பது கோணலான கோல். அது எல்லைப்புற மாணவரை மட்டுமன்றிச் சென்னை மாணவரையும் தவறாகவே அளக்கும். காட்சியின் உண்மை, சொல்லும் முறையின் ஒழுங்கு, மொழிவழக்கின் தெளிவு ஆகிய மூன்றும் தனித்தனியே அளக்கப்படுமாயின் எந்த ஊர் மாணவர்க்கும் கோல் ஒன்றே. மனப்பாடம் செய்த கடற்கரைக்கு மூன்றாவதில் முழுமையும் முதலாவதில் குறைவும் கிட்டும்; தேயிலைக் காட்டு விடியலுக்கு முதலாவதில் முழுமையும் மூன்றாவதில் குறைவும் கிட்டும். இருவரும் தத்தமக்கு எது வேண்டும் என்பதனை அறிவர்.

மனிதக் கோலின் நடுக்கமும் மறக்கத்தக்கதன்று. 1912இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டார்ச், எலியட் இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினர். நூற்றுக்கு 64 முதல் 98 வரை வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன. எண்ணின் துல்லியம் பெரிதும் தோற்றமே என்பதனை இது உணர்த்துகின்றது. 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேல் பள்ளி மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கருத்துரை மட்டும் பெற்ற மாணவரின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவரிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. எண் அருகிலிருந்தால் சொல் கண்ணிற்படுவதில்லை போலும்.

இவற்றால் வகுப்பறைக்குப் பெறப்படும் நடைமுறை எளியது. பொதுத்தேர்வின் ஐந்தில் நான்கு பங்கில் வகுப்பாசிரியர்க்குத் தனியுரிமை இல்லை. ஆயினும் எஞ்சிய ஒரு பங்கு அவர் கையில் உள்ளது. அதற்குள் வருணனை எழுத்தின் முதல் வரைவிற்கு எண் இடாமல், படித்தவர் என்ற முறையில் இரண்டு வாக்கியம் எழுதலாம்: தாம் கண்ணாற் கண்டது எது, காண முடியாமற் போனது எது. ‘கூடைகள் ஏறிச் செல்வதைக் கண்டேன், மரத்திலிருந்து சொட்டியது நீரா பெருக்கா என்று தெரியவில்லை’ என்பது போன்ற குறிப்பு அது. ஐயத்திற்கிடமான சொற்களை அடிக்காமல் வட்டமிட்டு, வழுவா வழுவமைதியா என்று மாணவரையே காரணம் சொல்ல வைக்கலாம். திருத்திய இரண்டாம் வரைவிற்கே மதிப்பெண் இடலாம். அம்மதிப்பெண் குறைவாயின் குறைவாகவே இருக்கட்டும். அதன் காரணத்தை மாணவர் முன்னரே அறிந்திருப்பர்.

இதற்குக் காலம் ஏது என்பது நேர்மையான வினா. நாற்பது ஏடுகளுக்கு வாரந்தோறும் இவ்வாறு செய்தல் இயலாது. பருவத்திற்கு இரண்டு வருணனைகளை மட்டுமேனும் இவ்வாறு படித்தல் இயலும். பத்துக் கட்டுரைகளுக்குப் படியாமல் இட்ட எண்களைக் காட்டிலும் படித்து எழுதிய இரண்டு குறிப்புகள் மாணவரிடம் நிலைத்து நிற்கும். பல மொழிச் சூழலை இடையூறாகக் கருதாமல் வளமாகக் கருதவேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கூறிற்று. அக்கூற்று ஆவணத்தில் நிற்குமா, ஏட்டின் ஓரத்தில் இறங்குமா என்பது ஆசிரியரின் பேனாவைப் பொறுத்தது.

முடிவுரை

வருணனை எழுத்து, காண்பவர் ஒருவர் காணாதவர் ஒருவர்க்குத் தரும் சான்று. அதனை மதிப்பிடுபவர் நீதிபதியாகும் முன் கேட்பவராதல் வேண்டும். பாலக்காட்டுச் சாளையிலிருந்தும் மூணாற்று லயத்திலிருந்தும் வரும் எழுத்தில் வீட்டுத்தமிழும் அண்டைமொழியும் கலந்து வருவது அவ்வாழ்வின் இயல்பு. அவற்றுள் பொருளை மயக்குவனவற்றை வழுவென விளக்கிக் களைதலும், காரணமுடையனவற்றை வழுவமைதியென அறிந்து ஏற்றலும், இவ்வேறுபாட்டை மாணவரும் அறியச் செய்தலுமே நேரிய மதிப்பீடாகும். காரணமின்றி அடித்தலும் காரணமின்றி அளித்தலும் ஒரே குறையின் இரு வடிவங்கள். இரண்டிலும் படித்தல் நிகழவில்லை.

எல்லையில் வாழும் குழந்தைக்குத் தாய்மொழியிற் கற்கும் உரிமையை அரசியலமைப்பு 1956இல் எண்ணிப் பார்த்தது. பள்ளியும் பாடநூலும் அவ்வுரிமையின் புறவடிவங்கள். தான் தாய்மொழியில் எழுதிய ஒன்றை, அம்மொழி அறிந்த ஒருவர் முழுதும் படித்தார் என்ற உறுதி அதன் அகவடிவம். அவ்வுறுதியைச் சட்டத்தால் தர இயலாது. ஆசிரியர் ஒருவரே தர இயலும்.